என்கோடர் வாங்கப் போறீங்களா? ஐந்தாவது ஒயரைப் பாருங்க

எங்கள் பட்டறை கோவையில். பழைய லேத் ஒன்றுக்கு சர்வோ மோட்டார் மாட்டி, லினக்ஸ்சிஎன்சி (மெஷினைக் கணினியால் ஓட்டும் மென்பொருள்) போட்டு, மரை வெட்ட வைக்கலாம் என்று போன மாதம் இறங்கினேன். அதற்கு ஸ்பிண்டிலில், அதாவது பீஸைச் சுழற்றும் தண்டில், ஒரு என்கோடர் வேண்டும்; தண்டு எவ்வளவு சுற்றியது என்று பல்ஸ் பல்ஸாகச் சொல்லும் சென்சார் அது. கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டேன்: சுற்றுக்கு 1024 பல்ஸ், ஏ, பி, இசட் மூன்றும் வேண்டும் (ஏ, பி சுற்றை எண்ணும் பல்ஸ்கள்; இசட் சுற்றுக்கு ஒரே முறை வருவது). "அதேதானுங்க, எல்லாம் இருக்குது" என்றார். ரூ. 6,800 கொடுத்தேன். பில்லில் 'சென்சார் - 1' என்று மட்டும் எழுதியிருந்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

டைமிங் பெல்ட், ஒன்றுக்கு ஒன்று புல்லி, எல்லாம் போட்டு ஓட்டினால் திரையில் 293 ஆர்பிஎம். கையில் வைத்துப் பார்க்கும் டாக்கோமீட்டரோ 500 காட்டுகிறது. மரை வெட்டும் ஜி76 கட்டளை கொடுத்தால் இன்னும் மோசம். பீஸைப் பிடித்திருக்கும் சக் பாட்டுக்குச் சுற்றுகிறது, டூலை நகர்த்தும் கேரேஜ் அசையவே இல்லை. இசட் பல்ஸ் வந்தால்தான் அது கிளம்பும். ஒவ்வொரு பாஸும் மரையின் அதே இடத்தில் விழ வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு.

கடைக்காரருக்கு போன் செய்தேன். மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியின் மின் இரைச்சல்தான் காரணம் என்று, "விஎஃப்டி நாய்ஸ் சார், ஷீல்டு கேபிள் போடுங்க" என்றார். போட்டேன். எர்த் மாற்றினேன். பெல்ட் நழுவுகிறதோ என்று புல்லியில் மார்க்கரால் கோடு போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் போச்சு, ஒரு வேலையும் டெலிவரி ஆகவில்லை.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. நாய்ஸ் என்றால் எண் தாறுமாறாகக் குதிக்க வேண்டும். இதுவோ எந்த வேகத்திலும் அதே விகிதத்தில் குறைவாகக் காட்டுகிறது. மோட்டாரை அணைத்துவிட்டு, கோட்டுக்குக் கோடு சரியாகச் சக்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றினேன். ஏ, பி இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து எண்ணுவதால் ஒரு பல்ஸ் நான்கு கவுன்ட் ஆகும். 1024 என்றால் 40,960 வர வேண்டும். வந்தது 24,006. நான்கால் வகுத்து, பத்தால் வகுத்தால் 600. 500-ஐ 600-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 293 வரும்.

லேபிளை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு லேபிள்: 600.

இசட் ஒயர் என்று அவர் சொன்னதுதான் உச்சம். சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளை, கூட ஒரு வெற்றுக் கம்பி, அதுதான் இசட்டாம். ஐந்து இருக்கிறதே என்று நானும் நம்பிவிட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மறுமுனையை என்கோடர் உடம்பிலும் வைத்தால் பீப். அது வெறும் ஷீல்டு, நாய்ஸைத் தடுக்கும் உறையின் கம்பி! இந்த மாடலில் இசட்டே கிடையாது.

திரும்பக் கேட்டதற்கு, "செட்டிங்ல 600 போட்டுக்கோங்க, ஓடும்" என்றார். வேகம் சரியாகக் காட்டும், உண்மைதான். ஆர்பிஎம் பார்க்க மட்டும் என்றால் 600 தாராளம். ஆனால் இல்லாத இசட்டை எந்த செட்டிங்கில் போடுவது? தவிர, இந்த வகையில் பலவற்றுக்கு 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 பல்ஸ்தான் எல்லை. 600 பல்ஸுக்கு அது 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், அதற்கு மேல் கணக்கை நம்ப முடியாது. நான் அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டேட்டாஷீட்டில் இசட்டுக்கு எந்த நிற ஒயர் என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள். லேபிள் தடிமனாக இருந்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மாட்டியதும் முதல் வேலையாக அந்தப் பத்துச் சுற்று. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வேறு இடத்தில் லைன் டிரைவர் வகை (ஒவ்வொரு சிக்னலையும் நேரும் எதிருமாக இரண்டு ஒயரில் அனுப்புவது) ஒன்று வாங்கிப் போட்டேன். 20-க்கு 1.5 மரை (20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச்), முதல் பீஸிலேயே நட்டு கையால் ஏறியது. பழையது இப்போது டிரில்லிங் மெஷினில் ஆர்பிஎம் காட்டிக்கொண்டிருக்கிறது, ரூ. 6,800-க்கு.