ஷேக்கர் ஏடுகளுடன் பல ஆண்டுகள்: சமயக் கூட்டுவாழ்வுச் சமூகங்களின் நூலகத் தொகுப்புகள் பற்றி ஒரு பயன்பாட்டு அனுபவப் பகிர்வு

சொத்துகளைப் பொதுவில் வைத்து, சமய நம்பிக்கை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்டு வாழ்ந்த அமெரிக்கச் சமூகங்களைப் பற்றி நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகங்களில் மூன்றை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்: நியூயார்க் மாநிலத்தில் கிளின்டன் ஊரில் உள்ள ஹாமில்டன் கல்லூரி நூலகம், கிளீவ்லாந்தில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் வரலாற்றுச் சங்கம், டெலாவேரில் உள்ள வின்டர்தூர் நூலகம். இத்தகைய தொகுப்புகளைப் புதிதாக அணுக நினைப்பவர்களுக்கு, அவற்றில் என்ன கிடைக்கும், எங்கே சிரமப்பட வேண்டியிருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

மூன்றிலும் முதன்மையானவை ஷேக்கர்கள் என்ற கிறித்தவக் குழுவினரின் ஏடுகள். 1736இல் மான்செஸ்டரில் பிறந்த ஆன் லீ, 1774இல் ஒரு சிறு குழுவுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார், 1784இல் காலமானார். அவர் மறைவுக்குப் பின் அவரைப் பின்பற்றியவர்கள் மெய்ன் முதல் கென்டக்கி வரை பல ஊர்களை அமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் எண்ணிக்கை சில ஆயிரங்களை எட்டியது. துறவு நிலை, பொதுவுடைமை, பாவ அறிக்கை, ஆண் மூப்பருக்கு இணையாகப் பெண் மூப்பர் என்பவை அவர்களுடைய ஒழுங்கின் தூண்கள். துறவு என்பதால் சமூகத்துக்குள் குழந்தைகள் பிறப்பதில்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களையும், ஒப்பந்தம் எழுதி ஒப்படைக்கப்பட்ட சிறுவர் சிறுமியரையும் கொண்டே சமூகம் நிலைத்தது. ஒருவர் உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் தாளில் தடம் இருக்க வேண்டிய கட்டாயம் இதனால் எழுந்தது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரும் கொடை.

அந்தத் தடங்களில் என்னை அதிகம் ஈர்த்தவை, சமூகத்தை விட்டு விலகியவர்கள் எழுதிக் கொடுத்த விடுகைச் சீட்டுகள். கையகலத் தாளில், இன்ன தொகையும் இன்ன உடைகளும் பெற்றுக்கொண்டேன், இத்தனை ஆண்டுகள் நான் செய்த உழைப்புக்காக இனி எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதி, கீழே கையொப்பமும் சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். அதே மனிதர் பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்ட உடன்படிக்கை வேறொரு பெட்டியில் இருக்கும். ஆண்களின் பெயர்கள் ஒரு வரிசையிலும் பெண்களின் பெயர்கள் மறு வரிசையிலும் நிற்கும் அந்த நீண்ட தாளில் அவருடைய கையெழுத்து உருண்டு திரண்டு தெளிவாக இருக்க, விடுகைச் சீட்டில் அது அவசரமாகச் சாய்ந்து கிடப்பதை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கோட்பாட்டு நூல்கள் எதுவும் சொல்லாத ஒன்று புலப்படுகிறது. கூட்டுவாழ்வு என்பது நம்பிக்கை சார்ந்த முடிவு. அதே அளவுக்குச் சட்டமும் கூலியும் சார்ந்த ஏற்பாடும்கூட. இந்த இரு தாள்களையும் பாதுகாத்து வைத்திருப்பதற்காகவே இந்நூலகங்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஹாமில்டன் கல்லூரித் தொகுப்பின் சிறப்பு அதன் அகலம். ஷேக்கர்களோடு ஹார்மனி சங்கம், ஒனைடா, கொரேஷன் போன்ற பிற சமூகங்களின் அச்சு ஏடுகளையும் அது திரட்டியிருக்கிறது. 2007 முதல் இத்துறைக்கென ஒரு காலாண்டிதழும் அங்கிருந்து வருகிறது. அதன் கட்டுரைகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆயினும் நான் அடிக்கடி திறப்பது, 1871 முதல் 1899 வரை ஷேக்கர்கள் நடத்திய மாத இதழின் மின்படியைத்தான். 'தி ஷேக்கர்' என்று தொடங்கி, இடையில் 'ஷேக்கர் அண்ட் ஷேக்கரெஸ்' என்று மாறி, கடைசியில் 'தி மேனிஃபெஸ்டோ' என்று முடிந்த அந்த இதழ் பெயர் மாறிக்கொண்டே இருந்ததால், ஒரே பெயரில் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். பிற்கால இதழ்களில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் வரும் செய்திக் குறிப்புகள் தவறாமல் இடம்பெறும். இவ்வாண்டு ஆப்பிள் விளைச்சல் எப்படி, கொட்டகைக்குக் கூரை வேய்ந்தாயிற்றா, எந்த மூப்பர் எந்த ஊருக்குப் பயணம் போனார், பனி எவ்வளவு பெய்தது என்பன போன்ற செய்திகள் அவை. அவற்றோடு இறந்தவர்களின் பெயரும் வயதும் வெளியாகும். எண்ணிக்கை குறையக் குறைய அந்த வயதுகள் எண்பதை நோக்கிப் போவதைத் தொடர்ந்து படித்து வருபவர் தாமாகவே உணர்வார். ஒரு சமூகம் முதுமை அடைவதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் ஏட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஷேக்கர்களை எதிர்த்து எழுதியவர்களின் துண்டுப் பிரசுரங்களையும் அவர்களுடைய சொந்த வெளியீடுகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது இத்தகைய தொகுப்புகளின் மிகப் பெரிய நேர்மை என்பேன். யூனிஸ் சாப்மன் என்ற பெண்ணின் கணவர் ஷேக்கர்களுடன் சேர்ந்து, மூன்று குழந்தைகளையும் தம்மோடு கொண்டுபோய்விட்டார். யூனிஸ் 1817இல் தம் வழக்கை அச்சிட்டு ஊரறியச் செய்தார். 1818இல் நியூயார்க் சட்டமன்றம் அவருக்கென்றே சட்டம் இயற்றி மணவிலக்கு அளித்தது. அவருடைய கணவர் ஜேம்ஸ் சாப்மன் அதே சட்டமன்றத்துக்கு அளித்த விண்ணப்பமும் அச்சில் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் என்ஃபீல்டு ஊரில் மேரி டயர் 1818இல் தம் துயரத்தை நூலாக வெளியிட, ஷேக்கராகவே இருந்துவிட்ட கணவர் ஜோசஃப் டயர் மறு ஆண்டே மறுப்பு நூல் வெளியிட்டார். ஒரே வீட்டின் இரு குரல்களை ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. ஒரு தரப்பின் நூலை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

கிளீவ்லாந்துத் தொகுப்பு வேறு வகை. வாலஸ் கேத்கார்ட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திரட்டினார். சமூகம் சுருங்கி, கட்டடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில், நியூயார்க் மாநிலத்தில் ஷேக்கர்கள் வாழ்ந்த மவுண்ட் லெபனான் ஊரின் பெண் மூப்பர் கேத்தரின் ஆலன் தாமே முன்வந்து ஏடுகளை நூலகங்களுக்கு அனுப்பி வைத்தார். இன்று நாம் படிக்கும் கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது அந்தப் பெண்மணியின் தொலைநோக்கால்தான் என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். இத்தொகுப்பு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோஃபிலிம் சுருள்களாகப் படமெடுக்கப்பட்டிருப்பதால், கிளீவ்லாந்து போகாமலே வேறு ஆராய்ச்சி நூலகங்களில் அதைப் பார்க்க முடிகிறது. ஏடுகள் வகைவாரியாக ரோமன் எண்களின் கீழ் பிரிக்கப்பட்டிருக்கின்றன: நான்காம் எண்ணின் கீழ் கடிதங்கள், ஐந்தாம் எண்ணின் கீழ் நாட்குறிப்புகள் என்று போகும். அதற்குள் ஊர்வாரிப் பிரிவு. ஒரு மனிதரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடப் போனால் வழி தெரியாது. அவர் எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் குடும்பம் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஷேக்கர்கள் குடும்பம் என்று அழைத்தது இரத்த உறவை அன்று; ஒரு குடியிருப்பில் சேர்ந்து வாழ்ந்து தனிக் கணக்கு வைத்திருந்த பிரிவையே அவ்வாறு அழைத்தார்கள். மவுண்ட் லெபனானின் வடக்குக் குடும்பம் புதிதாக வருபவர்களை ஏற்கும் இடமாக இருந்தது. எனவே சேர்ந்து சில மாதங்களில் விலகியவர்களைத் தேடுபவர் முதலில் அந்தக் குடும்பத்தின் ஏடுகளையே புரட்ட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு தேடும் நேரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வின்டர்தூரில் இருப்பது எட்வர்ட் டெமிங் ஆன்ட்ரூஸ், ஃபெய்த் ஆன்ட்ரூஸ் தம்பதியர் சேர்த்தது. அங்கே நான் தேடிப் போவது ஐசக் நியூட்டன் யங்ஸின் எழுத்து. 1793இல் பிறந்து சிறு வயதிலேயே சமூகத்துக்குள் வந்த அவர் தையற்காரர், கடிகாரம் செய்பவர், பள்ளி ஆசிரியர், சமூகத்தின் எழுத்தர். 1850களில் அவர் தொகுக்கத் தொடங்கிய சமூக வரலாறு கையெழுத்துப் படியாக அங்கே இருக்கிறது. வழிபாட்டைப் பற்றிச் சொல்லும் அதே பொறுமையுடன் நீர்க்குழாய், அடுப்பு, துணி துவைக்கும் ஏற்பாடு ஆகியவற்றையும் அவர் விவரிப்பார். பாடலேடுகளும் தனி உலகம். ஐந்து கோடுகளுக்குப் பதிலாக, பாடல் வரிகளுக்கு மேல் ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளையே சுரங்களாகச் சிறிதாக எழுதிச் செல்லும் முறையை ஷேக்கர்கள் கையாண்டார்கள். நம் சுரக் குறிப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

குறைகளும் உண்டு. கையெழுத்து ஏடுகளைக் கணினி எழுத்துணரி பெரும்பாலும் படிப்பதில்லை. எனவே தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் பெயர் ஏட்டில் இல்லை என்று பொருளாகாது. நான் பயன்படுத்திய ஒரு நூலகம் கணக்கேடுகளை ஸ்கேன் செய்தபோது அட்டையையும் வெற்றுப் பக்கங்களையும் விட்டுவிட்டது. அட்டையின் உட்புறத்தில்தான் அந்த ஏடு எந்தப் பட்டறைக்கு உரியது, முன்பு யாரிடம் இருந்தது என்ற குறிப்புகள் இருக்கும் என்பதால் இந்த இழப்பு சிறியதன்று. வேறொரு பட்டியலில் ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் 'பலவகை' என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டிருந்தன. மின்னஞ்சலில் நூலகரைக் கேட்டு, அவர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்ன பிறகே அவற்றை எழுதியவர்கள் யார் என்று தெரிந்தது. பொதுவாகவே, குறிப்பான கேள்வியுடன் எழுதினால் சிறப்புத் தொகுப்பு நூலகர்கள் காட்டும் அக்கறை வியக்கத்தக்கது. அச்சு நூல்களைக் கேட்கும்போது மேரி ரிச்மண்ட் 1977இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஷேக்கர் நூலடைவின் எண்ணைக் குறிப்பிட்டால் எந்தப் பதிப்பு என்ற குழப்பம் எழாது.

மற்றச் சமூகங்களின் நிலை ஷேக்கர்களுடையதைப் போல் வளமானதன்று. 1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் நிறுவிய ஒனைடா சமூகம் 1881இல் பங்கு நிறுவனமாக மாறியது; அதன் தனிப்பட்ட ஆவணங்களில் பெரும்பகுதி 1940களில் எரிக்கப்பட்டுவிட்டது. தப்பியவை சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஜார்ஜ் ராப்பின் ஹார்மனி சங்கம் 1805 முதல் 1905 வரை நீடித்தது. அதன் ஏடுகள் பென்சில்வேனியாவின் பழைய எகானமி ஊரில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் பல பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பதால், மொழி தெரிந்தவர்களுக்கும் எழுத்தைப் பழகத் தனி உழைப்பு தேவை.

புதிதாகத் தொடங்குபவர் ஓர் ஊரையும் ஓர் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். மாத இதழில் அந்த ஊரின் செய்திக் குறிப்புகளை வாசித்து, அதில் வரும் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அதே ஆண்டின் நாட்குறிப்பையும் கணக்கேட்டையும் கேட்டுப் பெறலாம். அதற்குப் பிறகே ஷேக்கர்களின் கோட்பாட்டு நூல்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.