ரிப்பேர் கஃபேயின் தையல் மேசை: ஒரு மதிப்புரை

மார்ட்டினே போஸ்ட்மா 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிவைத்த ரிப்பேர் கஃபே, அதாவது பழுதான பொருள்களைத் தன்னார்வலர்களின் உதவியோடு நாமே சரிசெய்துகொள்ளும் கூடல், இன்று பல நாடுகளில் ஊர் மன்றங்களிலும் நூலகங்களிலும் நடைபெறுகிறது. மேசை விளக்கு, மிதிவண்டி என எதையும் அங்கே கொண்டுசெல்லலாம் என்றாலும், என்னை ஈர்த்தது தையல் மேசைதான்.

முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை நான் நீட்டியபோது, மேசையிலிருந்த மூதாட்டி அதைத் தைத்துத் தராமல், ஊசியை என் கையிலேயே கொடுத்தார். ஓட்டையின் விளிம்பைத் தாண்டி, நைந்துபோகாத இடத்திலிருந்தே இழை ஓட்டத் தொடங்க வேண்டும். முதலில் பாவு போல நெடுக்காக, பிறகு ஊடை போல ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகக் குறுக்காக. இழையை இறுக்கினால் அந்த இடம் சுருங்கிவிடும் என்பதை அவர் பொறுமையாக இருமுறை காட்டினார். கடையில் கொடுத்துத் தைத்திருந்தால் இந்தக் கல்வி எனக்கு வாய்த்திருக்காது.

கட்டணம் இல்லை, விரும்பியதை உண்டியலில் இடலாம். ஜிப் போன்றவற்றை நாமே வாங்கிச் செல்வது நல்லது. புதிதாகத் தைத்துக்கொள்வதற்கு உரிய இடம் இதுவன்று.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 சனவரி 1 முதல் பழந்துணிகளைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயமாகியுள்ளது. ஆனால் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியைப் பிரித்து மறுசுழற்சி செய்வது இன்னும் கடினமாகவே இருப்பதால், குப்பைக்குப் போகுமுன்பே ஆடையின் ஆயுளை நீட்டித்துத் தரும் இந்த மேசையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஸ்வெட்டரை இந்தக் குளிர்காலத்திலும் அணிகிறேன்.