அலைப் படத்தை அரூபமாக்க ஸ்னாப்சீடா, போட்டோஷாப்பா, கிம்ப்பா?

கடல் அலையைப் படமெடுத்து, அது அலைதானா என்று பார்ப்பவர் யோசிக்கிற அளவுக்கு உருமாற்றி, சுவரில் மாட்டும்படி பெரிதாகப் பிரின்ட் போட வேண்டும். இந்த வேலைக்கு என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. போனில் ஸ்னாப்சீட், கணினியில் போட்டோஷாப், அதே கணினியில் கிம்ப். மூன்றிலும் வேலை பார்த்துவிட்டு இப்போது கிம்ப்பில் நிற்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, கிம்ப் பக்கம் சாய்ந்தது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்னாப்சீட் கூகுளுடையது, இலவசம், விரலாலேயே ஓட்டலாம். போட்டோஷாப் சக்தி வாய்ந்தது, ஆனால் 2013-லிருந்து அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது, பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிம்ப் திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பழகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

எந்த மென்பொருளானாலும் படம் சரியாக இருந்தால்தான் வேலை ஓடும். அடிவானம், படகு, ஆள், காகம் எதுவும் பிரேமுக்குள் வரக்கூடாது. அளவு சொல்லிக்கொடுக்கும் பொருள் ஒன்று இருந்தாலும் கண் உடனே ‘இது கடல்’ என்று முடிவு கட்டிவிடும். சென்னைக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால், காலையில் அலை மடங்கும் நொடியில் அதன் மெல்லிய விளிம்பு வழியாக ஒளி ஊடுருவும். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஜூன், ஜூலையில் பாறையில் அடித்துச் சிதறும் நுரையின் கதையே வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் கலங்கிப் பழுப்பாகிவிடுகிறது என்று கேமராவைப் பையில் வைத்துவிடுபவர்கள் உண்டு. நான் வைப்பதில்லை. நிறம் எப்படியும் மாறப்போகிறது, எனக்கு வேண்டியது கோடும் மடிப்பும்தான்.

கேமராவிலேயே ஷட்டரைக் கால் நொடி, அரை நொடி திறந்துவைத்துப் பக்கவாட்டில் அசைத்து எடுக்கும் வழியும் இருக்கிறது. அழகாக வரும். ஆனால் அப்படி எடுத்ததில் எதையும் பிரித்தெடுக்க முடியாது, அலை அங்கேயே கரைந்துவிட்டது. 1/1000 நொடியில் கூர்மையாக எடுத்துவந்து வீட்டில் கரைப்பதே எனக்கு வசதி. எங்கே கரைக்கலாம், எங்கே ஒரு துளி நுரையைக் கூர்மையாக விடலாம் என்பது அப்போது என் கையில் இருக்கும்.

இதெல்லாம் போட்டோகிராபியா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்லலாம்: குஸ்தாவ் லெ கிரே. 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே பிரின்டில் சேர்த்த பிரெஞ்சுக்காரர். அன்றைய தகடுகளில் இரண்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர் (ஒளி விடும் அளவு) பொருந்தவில்லை, அதனால் சேர்த்தார். கடல் படத்தில் கைவைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

இனி ஸ்னாப்சீட். குறை சொல்ல மனம் வரவில்லை. டபுள் எக்ஸ்போஷரில் ஒரு அலைமேல் இன்னொன்றைத் தலைகீழாகப் போட்டு, ஒளியையும் நிறத்தையும் மாற்றும் கோடான கர்வ்ஸை நாலு இடத்தில் வளைத்தால், பேருந்தில் உட்கார்ந்தபடியே இந்தப் படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். இன்றும் அதற்குப் பயன்படுத்துகிறேன். போன் திரையில் பார்க்கவும் இன்ஸ்டாகிராமில் போடவும் அது போதும். பிரின்ட் என்று வந்தால் கதை மாறுகிறது. எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த ஒரு விஷயம்தான், அதனால் அதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

அலையை அரூபமாக்குவது என்றால் பெரும்பாலும் அதைப் பிளர் செய்து மழமழவென்ற நிறப் பரப்பாக மாற்றுவது. அடர் நீலம் மெல்ல வெளிறிச் சாம்பலாகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஜேபிஜி படம் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். அந்தி நேரத்துக் கடல் அந்த 256-ஐயும் தொடாது, ஒரு 30 படிக்குள் அடங்கிவிடும். 24 அங்குல அகலப் பிரின்டை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட்டால் 7,200 பிக்சல். அதை 30 படிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 240 பிக்சல், அதாவது முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகம். போதாதென்று நாம் கான்ட்ராஸ்டை இழுக்கிறோம், படிக்குப் படி உயரம் கூடுகிறது. சரிவாக இருக்க வேண்டிய இடம் மாடிப்படி ஆகிவிடுகிறது. பிரின்ட் போடும் லேப்காரர்கள் பேண்டிங் என்று சொல்வது இதைத்தான். போன் திரையில் படம் சிறுத்து, படிகள் நெருங்கித் தெரிவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் பட்டை பட்டையாக நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடுத்த படத்தில் இயல்பாக இருக்கும் பொடி நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) அந்தப் படிகளை மறைத்துக்கொண்டுதான் இருந்தது. பிளர் செய்ததும் முதலில் ஒழிவது அந்த நாய்ஸ். நாம் குறை என்று நினைப்பதைத் துடைத்தெடுத்ததும் பட்டை வெளியே வருகிறது.

மருந்து இரண்டு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா பைலிலிருந்து தொடங்கி, கடைசி வரை 16 பிட்டிலோ அதற்கு மேலோ வேலை செய்வது ஒன்று. 14 பிட் ரா என்றால் 16,384 படிநிலைகள், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். எல்லாம் முடிந்த பிறகு பொடியாக நாய்ஸ் தூவிவிட்டு 8 பிட்டுக்கு இறக்குவது இன்னொன்று. ஸ்னாப்சீட் ரா பைலைத் திறக்கும், ஆனால் லேபுக்கு அனுப்ப நான் அதிலிருந்து எடுப்பது ஜேபிஜிதான். முதல் மருந்து அங்கேயே வீணாகிறது.

மிச்சம் இருப்பவை போட்டோஷாப்பும் கிம்ப்பும். போட்டோஷாப்பில் 16 பிட் நெடுங்காலமாக உண்டு. இருந்தாலும் பில்டர் கேலரியில் இருக்கும் தூரிகை, கண்ணாடி வகை எபெக்டுகள் 8 பிட்டில் மட்டுமே ஓடும். அரூபம் என்றதும் பலரும் முதலில் ஓடுகிற இடம் அதுதான். கிம்ப் 2018-இல் வந்த 2.10 பதிப்பிலேயே 16, 32 பிட்டுக்கு வந்துவிட்டது. 8 பிட்டுக்கு மாற்றும்போது டிதரிங் (படிகள் தெரியாதபடி பிக்சல்களைக் கலந்துவிடுவது) வேண்டுமா என்று அதுவே கேட்கிறது, இந்த வேலைக்கு அது பெரிய உபகாரம்.

அப்போதும் கிம்ப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பில்டர் போட்டால் போட்டதுதான், பிறகு அளவை மாற்ற முடியாது. போட்டோஷாப்பில் ஸ்மார்ட் பில்டராகப் போட்ட மோஷன் பிளரை அடுத்த வருஷம்கூடத் திறந்து திருத்தலாம். அரூபப் படத்துக்கு இது முக்கியம். 12 அங்குலப் பிரின்டில் நன்றாக இருந்த பிளர் 36 அங்குலத்தில் சப்பென்று இருக்கும், திரும்பத் திருத்தித்தான் ஆக வேண்டும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இந்த ஓட்டையை அடைத்தது. பில்டர்கள் இப்போது லேயரோடு (படத்தின் அடுக்கோடு) தங்குகின்றன, மறுபடி திறந்து அளவை மாற்றலாம். நான் கட்சி மாறியது அதற்குப் பிறகுதான். சந்தாவை நிறுத்தினால் சொந்தப் படத்தையே திருத்த முடியாது என்ற நிலை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி பைலை கிம்ப் திறக்கும், லேயர்கள் பெரும்பாலும் வந்துவிடும், ஆனால் ஸ்மார்ட் பில்டரைப் பழையபடி திருத்த வராது.

போட்டோஷாப் எங்கே முந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிறம் மாற்றுவதில். வெளிச்சம், இருட்டுக்கு ஏற்ப நிறம் பூசும் கிரேடியன்ட் மேப்பைத் தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயராக மேலே போட்டால், பழுப்புக் கடலை நொடியில் மருதாணிச் சிவப்பும் மயில் நீலமும் ஆக்கலாம், கீழே இருக்கும் படம் அப்படியே கிடக்கும். கிம்ப்பில் நான் கர்வ்ஸில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே வளைத்து அதே இடத்துக்கு வருகிறேன். நேரம் அதிகம் பிடிக்கும். ரா பைலை கிம்ப் நேரடியாகத் திறக்காது, டார்க்டேபிள் போன்ற இன்னொரு மென்பொருள் வழியாகத்தான் வர வேண்டும். பழைய லேப்டாப்பில் பெரிய படத்துக்கு நீளமான மோஷன் பிளர் கொடுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஏஐ-யும் இருக்கிறது. அலையையே வரவழைத்துக்கொள்ளலாம் என்றால் விடியற்காலையில் எழுந்து கடற்கரைக்கு ஏன் போக வேண்டும்?

இரண்டிலும் ஒன்றுபோல வேலை செய்கிற ஒரு வித்தை போலார் கோஆர்டினேட்ஸ் என்ற பில்டர். வரிசையாக வரும் அலைக்கோடுகளை அது வட்டமாகச் சுருட்டிவிடும். இடது ஓரமும் வலது ஓரமும் சந்திக்கும் இடத்தில் வெட்டுத் தழும்பு விழும். அதைத் தவிர்க்க, முதலில் படத்தின் பிரதியை இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு சுருட்டுங்கள், இரு ஓரமும் ஒன்றாகிவிடும். மையத்தில் பிக்சல்கள் நசுங்கும் இடத்தை மட்டும் தனியாக லேசாகப் பிளர் செய்ய வேண்டும்.

கல்யாண வேலைக்காக ஏற்கெனவே போட்டோஷாப் சந்தா கட்டுகிறவர் இதற்காக மாற வேண்டியதில்லை, 16 பிட்டில் வைத்துக்கொண்டு பில்டர் கேலரிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். நாய்ஸ் எவ்வளவு தூவுவது என்பது பேப்பரைப் பொறுத்தது. நான் போட்டதெல்லாம் பளபளப்பில்லாத மேட் பேப்பரில், அதில் திரையில் 100 சதவீதத்தில் பார்த்தால் லேசாகத் தெரியும் அளவு சரியாக இருந்தது. கேன்வாஸில் போடுகிறவர்கள் முழுப் படத்துக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன், படத்தின் மழமழப்பான ஒரு துண்டை மட்டும் வெட்டி, அதே அளவில் ஒரு சோதனைப் பிரின்ட் போட்டுப் பார்ப்பது நல்லது.