அம்பாசடரா மாருதி 800ஆ, கிரீஸ் கன்னுல முடிஞ்ச கணக்கு

1999ல எங்க வீட்டுக்கு முதல் கார் வாங்கறப்ப கையில இருந்த காசுக்கு ரெண்டுதான் தேறுச்சு, ஒண்ணு செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் அம்பாசடர், இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட் மாருதி 800. வாங்கினது மாருதி, அதனால நான் எந்தப் பக்கம் பேசுவேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். உள்ளூர் கார் கம்பெனிங்க ஏன் படுத்துச்சுன்னு பேச்சு வந்தா எல்லாரும் வரி, லைசென்ஸ், தாராளமயம்னு ஆரம்பிக்கிறாங்க. அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டு வண்டிக்கும் அடியில ஒரு தடவை படுத்துப் பாத்தா பாதி புரிஞ்சிடும்.

தெரிஞ்ச விஷயத்த வேகமா சொல்லிடறேன். இடம், டிக்கி, பாட்டி புடவை கசங்காம ஏறி இறங்குறது, கல்யாணத்துக்கு எட்டு பேர அடைச்சிட்டுப் போறது எல்லாத்துலயும் அம்பாசடர்தான். மைலேஜ், திருப்புறது, சந்துல நிறுத்துறதுன்னா மாருதி. ஹைவேஸ்ல லாரி பக்கத்துல போறப்ப மாருதில கொஞ்சம் வயித்தக் கலக்கும், அத மறைக்க மாட்டேன்.

முடிவு பண்ணினது மெயின்டனன்ஸ். அம்பாசடர் ஆளுங்க எப்பவும் சொல்றது, "எந்த ஊர்ல நின்னாலும் புளியமரத்தடி மெக்கானிக் சரி பண்ணிடுவான்". உண்மைதான், ஆனா எல்லா ஊர்லயும் அந்த வேலை தெரிஞ்ச ஆள் எப்படி வந்தான்னு யோசிச்சுப் பாருங்க, அவ்ளோ வேலை இருந்துச்சு, அதான் அவ்ளோ பேர் கத்துக்கிட்டாங்க. அந்த வண்டியோட முன் சஸ்பென்ஷன் 1950கள்ல வரைஞ்சது, சக்கரம் திரும்புற இடத்துல கிரீஸ் நிப்பிள்னு கிரீஸ் ஏத்துற சின்ன வாய் இருக்கும், ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் கன்ன வச்சு அடிச்சே ஆகணும், விட்டா தேஞ்சு ஸ்டியரிங்ல ஆட்டம் வந்துடும். அதோட இன்ஜின்ல வால்வுக்கான டேப்பெட் இடைவெளி பாக்கணும், தீப்பொறிக்கான பாயின்ட் செட் பண்ணணும், பெட்ரோலும் காத்தும் கலக்குற கார்புரேட்டர் டியூன் பண்ணணும். இதுல எதுவும் ரிப்பேர் கணக்குல வராது, வண்டி நல்லா ஓடுறப்பவே செய்ய வேண்டிய வேலை. ஒரு தடவைக்கு செலவு கம்மிதான், ஆனா மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். மாருதில முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட்னு வேற மாதிரி சஸ்பென்ஷன், சக்கரம் திரும்புற பால் ஜாயின்ட் எல்லாம் சீல் பண்ணி வரும், கிரீஸ் அடிக்கவே வேணாம். நாங்க முதல் தடவை சர்வீஸுக்கு விட்டப்ப பட்டறைப் பையன் பழக்க தோஷத்துல கிரீஸ் கன்னோட அடியில போயிட்டான், கொஞ்ச நேரம் கழிச்சு தலைய நீட்டி "அண்ணே, இதுல எங்கண்ணே அடிக்கணும்?"னு கேட்டான். அன்னிக்குத்தான் சரியான வண்டிய வாங்கியிருக்கோம்னு எனக்கு உறுதியாச்சு.

ஏன் உத்தர்பாரால, அதாவது கொல்கத்தா பக்கம் அம்பாசடர் செஞ்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரில இருந்தவங்களுக்கு இது தோணல? தோணியிருக்கும், மாத்த வேண்டிய அவசியம்தான் இல்ல. இங்கயே பாகம் செய்யத் திட்டம் இல்லாதவங்க கிளம்பலாம்னு 1953ல அரசாங்கம் சொன்னதும் அமெரிக்காவோட ஜிஎம்மும் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஃபோர்டும் கடைய மூடிட்டாங்க, மிச்சம் இருந்த ரெண்டு மூணு கம்பெனிக்கு இறக்குமதி வரிங்கிற கோட்டைச் சுவர், புக் பண்ணிட்டு வருஷக் கணக்குல காத்திருக்குற ஜனம். வித்துக்கிட்டே இருக்குற பொருள எவன் மாத்துவான்? மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவான்னு பேர் மாறுச்சு, முகப்பு கிரில் மாறுச்சு, அடியில அதே நிப்பிள். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 90கள் வரைக்கும் ஓடுச்சு. நடுவுல 1983 டிசம்பர்ல 796 சிசி, மூணு சிலிண்டர், முன் சக்கரம் இழுக்குற குட்டி வண்டி குர்கான்ல இருந்து வந்து நிக்குது, விலை சுமார் 50,000 ரூபா.

இதுல எது உள்ளூர், எது வெளிநாடுங்கிறதே குழப்பம், பாருங்க. நம்ம கார்னு கொண்டாடுற அம்பாசடர் இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, 1958ல இங்க பேர் வச்சது. ஜப்பான் வண்டின்னு சொல்ற மாருதில ஆரம்பத்துல 74 சதவீதம் நம்ம அரசாங்கத்தோடது, சுசுகிக்கு 26தான், பெரும்பான்மைப் பங்கு அவங்க கைக்குப் போனது 2002ல. உண்மையில வந்து இறங்கினது உதிரி பாகத்த எந்த அளவுல, எவ்ளோ துல்லியமா செய்யணுங்கிற பழக்கம், அத இங்க இருந்த சப்ளையர்களுக்கே கத்துக் குடுத்தாங்க.

அந்தக் காலத்து இன்னொரு உள்ளூர் காரான பிரீமியர் பத்மினிய நான் பின் சீட்ல உக்காந்து போனதோட சரி, அதனால அதப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன். சென்னைக்காரங்க ஸ்டாண்டர்டுங்கிற கம்பெனிய மறந்துடறாங்க, வண்டலூர் பக்கம் ஹெரால்டு கார் செஞ்சவங்க, 1985ல ஸ்டாண்டர்ட் 2000னு இங்கிலாந்து ரோவர் காரோட ஸ்டைலான பாடிக்குள்ள பழைய வேன்கார்டு இன்ஜின வச்சு விட்டாங்க, ரெண்டு மூணு வருஷத்துல கதை முடிஞ்சுது. மேல சட்டை புதுசு, உள்ள பனியன் கிழிசல்.

வெளிநாட்டு கம்பெனின்னாலே ஜெயிக்கும்னும் இல்ல. திரும்பி வந்த ஜிஎம் 2017ல இங்க விக்கிறத நிறுத்துச்சு, மறைமலை நகர்ல ஃபேக்டரி போட்ட ஃபோர்டு 2021ல இங்க தயாரிப்ப நிறுத்துறதா அறிவிச்சுது. ஹூண்டாய் 1998ல சான்ட்ரோவ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல செஞ்சு விட்டு இன்னும் நிக்குது. டாடாவும் அதே வருஷம்தான் இண்டிகாவ காட்டுனாங்க, அடி வாங்கித் திருத்திக்கிட்டு இன்னிக்கும் இருக்காங்க. 800ம் அம்பாசடரும் ஒரே வருஷம், 2014லதான் நின்னுச்சு, ஆனா 800 போன இடத்துல ஆல்டோ ஏற்கனவே உக்காந்திருந்துச்சு, அம்பாசடருக்கு வாரிசே இல்ல.

ஒண்ணு மட்டும் விட்டு வைக்கிறேன். தினமும் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுற டாக்ஸிக்காரங்களுக்கு டீசல் அம்பாசடர் கணக்கு வேற மாதிரி வந்திருக்கும், ஸ்டாண்டுலயே கிரீஸ் அடிக்க ஆள் இருப்பான், சீட்டு நிறைய சவாரி ஏறும். நான் சொன்னது வாரம் ஆறு நாள் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை வீட்ல தூங்க ஆசைப்பட்ட ஒருத்தனோட கணக்கு.