தருமபுரிச் சிலந்திகளும் ஐநேச்சுரலிஸ்ட்டும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஃபோனில் மாட்டும் கிளிப் லென்ஸ், உயிரினப் படங்களைப் பதிந்து மற்றவர்களிடம் அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி, விக்கிப்பீடியாக்களின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம், தமிழ் விக்கிப்பீடியா. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சிலந்திகளைப் பதிவு செய்யும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் பெட்ரோலும்தான் செலவு. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் "இது எப்படி, பயன்படுமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இந்த ஏற்பாடு கொடுக்கும் திருப்தியைச் சிலந்திக்கு எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை இனம் வரை போகாமல் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துச் சொல்லும் பொதுப் பெயரோடு, நின்றுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. அது பிடித்துப்போனால் வருடக்கணக்கில் சலிக்காது.

ஏன் நிற்கிறது? சிலந்தியின் இனத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் நிறத்தையோ கோடுகளையோ பார்த்து அல்ல, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்த்து. ஆணுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் குட்டிக் கை போல நீட்டிக்கொண்டிருக்கும் பெடிபால்ப்பின் நுனி. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் எபிஜைன் என்னும் தகடு. இவற்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும். முழுசாக வளராத குட்டியென்றால் அதுவும் முடியாது. ராகிக் கொல்லையில் தரையோடு ஓடும் ஓநாய்ச் சிலந்தியை எவ்வளவு துல்லியமாகப் படம் எடுத்தாலும் "பார்டோசா" என்ற பேரினப் பெயருக்கு மேல் நேர்மையாக ஒன்றும் சொல்ல முடியாது. சாயங்காலம் வட்ட வலை கட்டும் நியோஸ்கோனா, செடிக்குச் செடி தாவும் ஆக்ஸியோபஸ், எல்லாம் இதே கதை.

இங்கேதான் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதி நம்மைச் சோதிக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலை மாணவர் திட்டமாகத் தொடங்கியது. 2017-இல் கணினியே பெயர் பரிந்துரைக்கும் வசதி வந்தது. 2023 முதல் தனி லாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. இந்த மாதிரிக் கணினிப் பரிந்துரை எதுவாக இருந்தாலும், போதுமான படம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இனங்களைத்தான் கற்றிருக்கும். நம் பக்கத்து வறண்ட காட்டுச் சிலந்திகள் பலவற்றுக்கு அவ்வளவு படம் இல்லை. அதனால் பட்டியலில் முதலில் வரும் பெயர், உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட ஏதோ ஒரு உறவினராக இருக்க வாய்ப்பு உண்டு. குடும்பம் தெரிந்துகொள்ள நல்ல வசதி. இனத்துக்கு அதை நம்பி அழுத்தாதீர்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால், தேதி, இடம், படம் சரியாக இருக்கும் பதிவு 'ஆராய்ச்சித் தரம்' ஆகிவிடும். இரண்டாவது ஆள் வெறும் மரியாதைக்கு 'ஒத்துக்கொள்கிறேன்' என்று தட்டினாலும் கணக்கு அதேதான். நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து பதிவு செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நட்பு வேறு, அடையாளம் வேறு.

பலரும் கவனிக்காத ஒரு கட்டம் பதிவின் கீழே இருக்கிறது: "இந்த அடையாளத்தை இதற்கு மேல் மேம்படுத்த முடியுமா?" முடியாது என்று வாக்களித்தால், குடும்பத்தை விட நுணுக்கமான அடையாளத்தில் இரண்டு பேர் ஒத்துப்போயிருக்கும்பட்சத்தில், பேரின அளவிலேயே பதிவு ஆராய்ச்சித் தரத்துக்குப் போய்விடும். எனக்கு இந்தச் செயலியில் பிடித்த வசதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'பார்டோசா' என்று நிறுத்தி, இதற்கு மேல் படத்தில் இல்லை என்று குறித்துவிட்டுப் போகலாம். பதிவு அந்தரத்தில் தொங்காது.

சரி, படத்திலேயே தீர்ந்துவிடும் சிலந்திகளும் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் ஈ பிடிக்கும் சாம்பல் நிறக் குதிக்கும் சிலந்தி மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி ஆண், மூலையில் ஒட்டடை சேர்க்கும் நீளக்கால் குரோசோபிரைசா லயோனி, வலையில் பெருக்கல் குறி போட்டுக் காலை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்காரும் ஆர்கியோபி. இந்தக் கடைசி ஆளுக்கு முதுகும் வேண்டும், வயிறும் வேண்டும். நம் ஊரில் ஆர்கியோபி அனசூஜாவும் உண்டு, அதைப் போன்ற வேறு இனங்களும் உண்டு. புளியமரப் பட்டையில் ஒட்டிக்கிடக்கும் ஹெர்சிலியாவை அதன் இரண்டு வாலைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். வால் என்பது உண்மையில் நூல் விடும் உறுப்பு. இரையைச் சுற்றிச் சுற்றி ஓடியே அதைக் கட்டிப்போடும். ஆனால் எந்த ஹெர்சிலியா என்று கேட்டால் நான் மறுபடி பேரினத்தோடுதான் நிற்பேன். எல்லோரும் சாவிக்னி இனம் என்று போடுகிறார்கள் என்பது காரணம் ஆகாது.

கிட்டே போய் எடுத்த படம் தீர்க்காததை எட்ட நின்று எடுத்த படம் தீர்த்துவைப்பதும் உண்டு. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் முள்வேலியிலும் கருவேல மரத்திலும் காய்ந்த சருகோடு அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்னும் கூட்டுச் சிலந்தியின் வீடு அது. சிலந்தி என்றாலே தனியாள் என்று நினைக்கிறோம். இது கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகக் குஞ்சு வளர்க்கிறது. தாய் தான் தின்றதைக் கக்கி ஊட்டும், கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். ஆந்திர எல்லை தாண்டிக் குப்பம் பக்கத்தில் இந்தச் சிலந்தியை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தனிச் சிலந்தியைப் பெரிதாக்கி எடுத்த படத்தில் இதே பேரினத்தின் மற்ற இனங்களோடு குழப்பம் வரும். கூடு, வேலி, கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சிலந்திகள், மூன்றும் தெரிகிற படம் வைத்தால் அடையாளம் சொல்கிறவர் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். லென்ஸ் வாங்கிய புதிதில் யாருக்கும் அதைக் கழற்றி வைக்க மனசு வராது. கழற்றுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் கிருஷ்ணகிரி மாந்தோப்புகள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசிறு எறும்பு மரத்துக்கு மரம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு எறும்பு மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் உற்றுப் பாருங்கள். கால் எட்டா, ஆறா? முன்காலை உணர்கொம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு நடக்கும் மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ் அது. குதிக்கும் சிலந்திக் குடும்பம். ஆணின் தாடை முன்பக்கம் நீண்டு, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப்போவது போலவே தோன்றும். எறும்பைத் தின்ன வந்ததல்ல. எறும்பைக் கண்டால் விலகித்தான் போகும். கடிக்கிற எறும்பு போல இருந்தால் மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்பதுதான் கணக்கு. இதன் பேரினப் பெயர் 2016-இல் மாறியது. பழைய படங்களிலும் கட்டுரைகளிலும் மிர்மராக்னே என்றே இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினால் பழைய பெயரைத் தேடுகிறவரைப் புதுப் பெயருக்கு அனுப்பும் ஒரு வழிமாற்று போட்டுவிடுங்கள்.

தோப்புக்காரர்கள் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போனால். "தம்பி, மருந்து அடிச்சு நாலு நாள்தான் ஆவுது, இன்னைக்கு ஒண்ணும் சிக்காது" என்று ஒருவர் சொன்னார். சொன்னபடியே ஆனது. மாம்பூ வந்துவிட்டால் தெளிப்பு தொடங்கிவிடும், அதனால் அதற்கு முன்னால், வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயம்தான் தோப்புக்கு நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வேலி, ஏரிக்கரை, தோப்பு, வீட்டுச் சுவர் இவற்றிலேயே ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. வேலியோரம் குனிந்து உட்கார்ந்தால் "ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று யாராவது நிற்பார்கள். எட்டுக்கால் பூச்சி என்றால் அடுத்த வார்த்தை அநேகமாக "அது மூத்திரம் பட்டா அக்கி வருமே" என்பதாக இருக்கும். அக்கி சின்னம்மைக் கிருமியால் வருவது, சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பாருங்கள். நம்புவது அவர்கள் இஷ்டம்.

கருவி விஷயம் சுருக்கமாக. மலிவான கிளிப் லென்ஸ் போதும். முதலில் போவது கண்ணாடி அல்ல, கிளிப்பின் ஸ்பிரிங். ரப்பர் பேண்டு ஒன்று பையில் இருக்கட்டும். ஃபிளாஷ் நேராக விழுந்தால் சிலந்தியின் பளபளப்பு மட்டும்தான் பதிவாகும், முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் சரியாகிவிடும். முகத்தை நேராக எடுக்கப் பழகுங்கள். கண் எட்டும் எப்படி வரிசையாக இருக்கின்றன என்பதே குடும்பத்தைச் சொல்லிவிடும்: குதிக்கும் சிலந்திக்கு முன்னால் பெரிய இரண்டு; ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே சின்ன நான்கு, மேலே பெரிய இரண்டு, அதற்கும் பின்னால் இரண்டு. அடிவயிற்றுக்கு, கண்ணாடி டம்ளருக்குள் ஒரு நிமிடம் வைத்துக் கீழிருந்து எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். ராத்திரி தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு கொல்லையைப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பச்சை நீலமாக மின்னும். பகலில் காலியாகத் தெரிந்த நிலம் அது.

அப்புறம் கலைக்களஞ்சியம். இங்கே கணக்கில் ஒரு அமைப்பை (செட்டிங்) மாற்றாவிட்டால் உழைப்பு பாதி வீண். ஐநேச்சுரலிஸ்ட்டில் புதுக் கணக்கின் படங்களுக்குத் தானாக அமையும் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது. பொதுவகம் அந்த உரிமத்தை ஏற்காது. அமைப்புகளுக்குப் போய் 'சிசி பை' (எடுத்தவர் பெயரைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம்) அல்லது 'சிசி பை-எஸ்ஏ' (அதோடு, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும்) என்று மாற்றி, பழைய படங்களுக்கும் பொருத்திவிடுங்கள். அதன் பிறகு உங்கள் படத்தை வேறு யார் வேண்டுமானாலும் பொதுவகத்துக்கு எடுத்துப்போகலாம். ஐநேச்சுரலிஸ்ட் படத்தை 2048 பிக்சலுக்குக் குறைத்துத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் நல்ல படங்களை அசல் அளவில் பொதுவகத்தில் நானே ஏற்றிவிடுவேன். பெயர் தெரியாதவற்றுக்கு அங்கே அடையாளம் காணாத சிலந்திகளுக்கென்றே ஒரு பகுப்பு உண்டு, தயங்காமல் அதில் போடலாம். பொதுவகத்தில் ஒரு படம் ஏறினால் தமிழ் மட்டுமல்ல, மலையாளம், ஆங்கிலம் என்று எந்த விக்கிப்பீடியாவும் அதை எடுத்துக்கொள்ளும்.

கட்டுரை எழுதுவது வேறு ஒழுக்கம். சொந்த ஆய்வுக்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. "பாலக்கோட்டில் காணப்படுகிறது" என்று நீங்கள் பார்த்ததை வைத்து எழுத முடியாது, வெளியான மேற்கோள் வேண்டும். ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும். பட விளக்கத்தில் இடத்தையும் தேதியையும் எழுதலாம், அதற்குத் தடை இல்லை. பெயரையும் ஆண்டையும் சரிபார்க்கப் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வேர்ல்ட் ஸ்பைடர் கேட்டலாக்' இருக்கிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000-ஆவது சிலந்தி இனம் பதிவானது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. பதிவு செய்துகொண்டால் பழைய ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகவே படிக்கலாம். அந்தப் பழைய தாள்களில் தருமபுரியைத் தேடினால் கிடைப்பது அரிது. தருமபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. வெள்ளைக்காரர் காலத்துப் பதிவில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் அது நம் ஊராகவும் இருக்கலாம், இன்றைய நாமக்கல்லாகவும் இருக்கலாம். அங்கேயும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மரப்பொந்தில் வாழும் பெரிய, அழகான பீசிலோதீரியா சிலந்திகள் கண்ணில் பட்டால் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். 1899-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பொகாக் பெயரிட்ட பீசிலோதீரியா ஃபார்மோசாவை வெளிநாட்டில் சேலம் பெயரால்தான் அழைக்கிறார்கள். வளர்ப்புப் பிராணியாக விற்கிறார்கள். இந்தப் பேரினம் முழுவதும் 2019-இல், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆபத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மறைத்துவிடும். ஃபோன் படத்தை நேராகப் பொதுவகத்தில் ஏற்றினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, படத்துக்குள் இருக்கும் ஜிபிஎஸ் குறிப்பும் கூடவே போய்விடும். ஏற்றுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

மொத்தத்தில், சீக்கிரம் எண்ணிக்கை சேர்க்க நினைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர் ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கலாம். ஒரே வேலியை மழைக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்க்கச் சலிக்காதவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிக்னல் இல்லாத அஞ்செட்டிப் பக்கம் போனாலும் செயலி பதிவை வைத்திருந்து பிறகு ஏற்றும், அதனால் தூரம் ஒரு சாக்கு இல்லை. ஆனால் முதல் மாதம் எங்கும் போக வேண்டாம். ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி வரும் பூச்சிக்காகச் சுவரில் காத்திருப்பவற்றையே முகம், முதுகு, வயிறு என்று எடுத்துப் பழகுங்கள்.