பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆய்வகச் சோதனையா, ஆன்லைன் மானிட்டரா?

டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெயில் கரைந்த வாயுக்களே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணெயின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரிலேயே மானிட்டரைப் பொருத்தி அளக்கலாம். எண்ணெய் அதிகம் சூடானால் எத்திலீன், உள்ளே மின்வில் (மின்சாரம் இடைவெளியைத் தாவி எரிவது) எழுந்தால் அசிட்டிலீன், காகிதக் காப்பு கருகினால் கார்பன் மோனாக்சைடு. இரு முறைகளும் தேடுவது இவற்றையும் ஹைட்ரஜனையும்தான்.

செலவு
ஆய்வகம்: மாதிரிக்கு ஒரு சிறு கட்டணம்.
மானிட்டர்: முதலிலேயே பெருந்தொகை, பிறகு பராமரிப்பு வேறு.

வேகம்
ஆய்வகம்: பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு முறை.
மானிட்டர்: சில மணி நேரத்துக்கு ஒருமுறை.

உண்மையான வித்தியாசம் இங்கேதான். வாயுவின் அளவைவிட அது ஏறும் வேகமே முக்கியம். பல வருடமாக ஒரே அளவில் நிற்கும் ஹைட்ரஜனை விடுங்கள். ஒரே வாரத்தில் இரட்டிப்பானால் கவலைப்பட வேண்டும். இரு சோதனைகளுக்கு நடுவே முளைத்து முற்றும் கோளாறு ஆய்வக அறிக்கையில் வராது.

நம்பகம்
ஆய்வகம்: எண்ணெய் மாதிரி எடுக்கும் சிரிஞ்சில் காற்றுக் குமிழி புகுந்தால் முடிவு கெடும்.
மானிட்டர்: சென்சார் நாளடைவில் பிசகும். அதைச் சரிபார்க்க மறுபடி ஆய்வகம்தான்!

ஹைட்ரஜனை மட்டும் பார்க்கும் மலிவு மானிட்டர் எச்சரிக்கும், ஆனால் கோளாறு என்னவென்று சொல்லாது.

மாற்று கைவசமுள்ள சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆய்வகம் போதும். நின்றால் நிலையமே முடங்கும் என்றாலோ, வாயு ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தாலோ, பல வாயுக்களை அளக்கும் மானிட்டரையே வாங்குங்கள்.