நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் படகு: எங்கே இருக்கலாம், எப்படி இறங்கலாம்

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறிவிட்டால், தீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து போகும் படகுகள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. சனம் நிரம்பியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். தேர், தீர்த்த நாட்களில் ஒன்று விலக மற்றது வந்து அணையும். கடலில் 15 முதல் 20 நிமிடந்தான். ஓட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஏற்றி இறக்கும் முறைதான் திருந்த வேண்டும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் வேலணை, புங்குடுதீவு வழியாக இறங்குதுறைக்கே போகும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மோட்டார் சைக்கிள்காரர் கடலுக்கு நடுவே போகும் வாணர் தாம்போதிப் பாதையில் மெதுவாகப் போக வேண்டும், அங்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வண்டியையே தள்ளும். நெடுந்தீவுப் படகும் இதே துறையில்தான் நிற்கும். கேட்டு ஏறுங்கள்.

படகில் பெரும்பாலானோர் தளத்துக்குக் கீழே இறங்கி வாங்கில்களில் இருக்க வேண்டும். வாசல் ஒருவர் குனிந்து நுழையுமளவுதான். முகம் படிப்பக்கம் இருக்கத் திரும்பி இறங்கினால் தலை முட்டாது, சேலையும் காலில் தட்டாது. எஞ்சினுக்குக் கிட்ட வேண்டாம். சூடும் டீசல் மணமும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும். வாசலுக்கு நேர் கீழே காற்று வரும். கைக்குழந்தையோடு நேர்த்திக்குப் போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். உயிர்காப்பு அங்கியை ஏறியதுமே கேட்டு வாங்கிக் கட்டுங்கள். திருவிழாக் கூட்டத்தில் எல்லாருக்கும் எட்டாது, குழந்தைக்கு அளவானது கிடைப்பது அதைவிட அரிது. இந்தச் சேவையில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

ஆபத்தான நேரம் நடுக்கடல் அல்ல, கரை தட்டும் நேரம். எல்லாரும் ஒன்றாக எழும்பித் துறைப்பக்கம் நெருக்க, பாரம் ஒரு பக்கம் சாய்கிறது. பக்கத்தில் தொங்கும் டயர்கள் நசுங்கி, அடுத்த அலையில் படகைத் திருப்பித் தள்ளுகின்றன. அந்தக் கணத்தில் படகுக்கும் துறைக்கும் நடுவே இடைவெளி விழும். கால் வைக்கிற ஆள் அங்கேதான் தடுமாறுவார். படகு அலையோடு மேலே எழும்பும்வரை பொறுத்து, அப்போது எட்டி வையுங்கள். அர்ச்சனைத் தட்டு, கற்பூரச்சட்டி, காவடி எதுவானாலும் முதலில் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக இறங்குங்கள்.

தீவில் துறைகள் இரண்டு: ஒன்று அம்மன் கோயில் வாசலில், மற்றது புத்த விகாரைப் பக்கம். மாறி இறங்கினாலும் நடக்கிற தூரந்தான். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் கோயிலுக்குள் போகலாம். பிரதட்டை செய்பவர்களும் (வீதியில் உருண்டு வலம் வருபவர்கள்) அடியழிப்பவர்களும் (அடிக்கடி விழுந்து கும்பிட்டு வலம் வரும் பெண்கள்) விடியவே போய்விடுவது நல்லது, வெயில் ஏறினால் வீதி மண் சுடும்.

தேருக்கு மறுநாள் தீர்த்தம், அதற்கடுத்த நாள் தெப்பம். பூவும் மின்விளக்குமாகச் சோடித்த தெப்பத்தில் அம்பாள் கடலில் உலா வரும் அந்தக் காட்சிக்காக எவ்வளவு நெரிசலையும் தாங்கலாம். சிக்கல் திரும்பி வருவதில்தான். வழமையான சேவை பின்னேரத்தோடு அடங்கிவிடும். தெப்பம் பார்க்கிற எண்ணம் இருந்தால், இரவில் படகு உண்டா என்று போய் இறங்கும்போதே படகுக்காரரிடம் கேளுங்கள், இல்லையென்றால் தீவிலேயே தங்க ஒழுங்கு செய்யுங்கள்.

தீர்த்தம் முடிந்த கையோடு முழுச்சனமும் துறைக்கு ஓடும். அந்த நேரம் கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு இருந்துவிட்டு, நெரிசல் குறைந்தபின் வரிசைக்கு வாருங்கள். குறிகட்டுவானில் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்திருங்கள்.